செவிவழி வந்த சேக்ஸ்பியர்



கொழும்பு நகரில் மருதானையை அடுத்துள்ள மாளிகாவத்தையை உங்களிற் பலர் அறிவீர்கள். ஒருபுறம் புகையிரத வண்டிகள் தரித்து நிற்கும் பெரிய முற்றம். மறுபுறம் தொடர்மாடி வீடுகள். இடையிடையே பள்ளிவாசல்களும் சிறு கடைகளும் தையற் கூடங்களும். காலையிலே பாடசாலை மணி அடிக்கும்போது புகையிரதத்தின் ஓசையும் அதனோடு கலந்து கேட்கும். அரசினர் பாடசாலை அதிபராகிய நான், இப்பகுதிப் பிள்ளைகளோடு பழகிய அனுபவத்தை முன்வைத்து, ஆங்கில வகுப்பிலே பேரிலக்கியங்களை நம் பிள்ளைகள் சுவைத்துக் கற்பது எவ்வாறு என்பதைப் பற்றி இன்று பேச விரும்புகின்றேன். இது புதிய வினாவன்று. இதற்கு நம் நாட்டிலே ஏறக்குறைய இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. அந்த வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்த்தால் விடையும் கிடைக்கும் என்பது என் எண்ணம்.

முதலில் என் குற்றமொன்றைச் சொல்லிவிடுகின்றேன். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன்னர், நான் இளம் ஆசிரியனாக இருந்த காலம். வெனிஸ் நகர வணிகன் என்னும் சேக்ஸ்பியர் நாடகத்தின் வழக்குமன்றக் காட்சியை, ஆங்கில வாசிப்பு நூலொன்றிலிருந்து படிப்பித்துக்கொண்டிருந்தேன். படிப்பித்தேன் என்பதைவிடக் குறிப்புச் சொல்லி எழுதுவித்தேன் என்பதே பொருந்தும். அருஞ்சொற்பொருள், சந்தர்ப்பம் கூறுதல், பாத்திரங்களின் பண்பு என்று கரும்பலகை நிறைய எழுதினேன். பிள்ளைகள் தலை நிமிராமல் எழுதினார்கள். பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் மாத்திரம் எழுதாமல் இருந்தான். தகப்பனார் புறக்கோட்டையிலே நாட்டாமி வேலை செய்பவர். தாயாரின் காதணி அடகுக் கடைக்குப் போவதையும் சில மாதங்களின் பின் திரும்பி வருவதையும் கண்டு வளர்ந்த பிள்ளை. அவன் எழுந்து, "சேர், அந்த யூதன் பிறகு எங்கே போனான்?" என்று கேட்டான்.

"அது பரீட்சைக்கு வராது, மகன். இருந்து எழுது" என்றேன். அவன் இருந்தான், எழுதினான், தவணைப் பரீட்சையிலே தேறியும் விட்டான். அதன் பின்னர் என் வகுப்பில் அவன் ஒரு வினாவும் கேட்டதில்லை.

நேயர்களே, அந்த நாடகத்தை அறிந்தவர்களுக்கு அச்சிறுவனின் வினா எத்தகையது என்பது விளங்கும். கடன் கொடுத்த ஷைலொக், நான்காம் அங்கத்திலே வழக்கில் தோற்று, சமயத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்ற ஆணையைக் கேட்டு, உடல் நலமில்லை என்று சொல்லி மன்றத்தை விட்டு வெளியேறுகின்றான். ஐந்தாம் அங்கம் நிலவொளியிலும் இசையிலும் மகிழ்ச்சியிலும் நடக்கின்றது. அங்கே அவன் வருவதேயில்லை. அவன் எங்கே போனான் என்பதை நாடகாசிரியர் சொல்லவில்லை. அறிஞர் பலர் எழுதி எழுதித் தீராத அந்த வினாவை மாளிகாவத்தைச் சிறுவன் ஒருவன் தானாகவே கண்டுபிடித்துக் கேட்டான். அதனை நான் அடைத்துவிட்டேன். நான் கல் நெஞ்சன் அல்லன். என் ஆசிரியர்களும் என்னை அவ்வாறே படிப்பித்தார்கள். அவர்களை அவர்களுடைய ஆசிரியர்கள் அவ்வாறு படிப்பித்தார்கள். இந்தச் சங்கிலி எங்கே தொடங்கிற்று?

1833 ஆம் ஆண்டிலே கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபாரிசுகள் நடைமுறைக்கு வந்தன. அரசாங்க சேவைக்கு ஆங்கிலம் அறிந்த உள்நாட்டவர் தேவைப்பட்டனர். 1836 இல் கொழும்பு அக்கடமி அரசினர் நிறுவனமாயிற்று. அதுவே 1881 முதல் றோயல் கல்லூரி எனப் பெயர் பெற்றது. 1880 ஆம் ஆண்டளவில் கேம்பிரிட்ஜ் பரீட்சைகள் இலங்கைக்கு வந்தன. அப்பொழுதிலிருந்து ஆங்கில இலக்கியம் என்பது உத்தியோகத்துக்குச் செல்லும் வாயிலிலே நிற்கும் காவலாளனாயிற்று. ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் வினாத்தாள் அச்சாகும். விடைத்தாள் கப்பலேறிச் செல்லும். இடையிலே நின்ற ஆசிரியருக்கு, வரக்கூடிய வினா எது என்பதே கவலையாயிற்று. நாடகம் பத்தி பத்தியாக உடைக்கப்பட்டது. ஒவ்வொரு சொல்லுக்கும் உரை உண்டு. முழுக் கதையைக் கேட்டு இன்புற நேரமில்லை.

இதில் வியப்பான செய்தி ஒன்றுண்டு. இங்கிலாந்தின் பழம்பெரும் பல்கலைக்கழகமாகிய ஒக்ஸ்போர்ட்டிலே ஆங்கில இலக்கியம் தனித் துறையாகத் தாபிக்கப்பட்டது 1894 இலேதான். அதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்னரே நம் பிள்ளைகளும் இந்தியப் பிள்ளைகளும் சேக்ஸ்பியரையும் மில்ற்றனையும் பரீட்சைக்காக மனனஞ் செய்து கொண்டிருந்தார்கள். ஆங்கிலேயர் தம் வீட்டிலே விருப்பத்தோடு வாசித்த நூல்கள் நம் நாட்டிலே பாடமாகவும் பரீட்சையாகவும் வந்து சேர்ந்தன.

ஆனால் இந்த வரலாற்றுக்கு மற்றொரு முகமும் உண்டு. பரீட்சைப் பாதைக்கு அருகிலேயே இரசனைப் பாதை ஒன்றும் ஓடிக்கொண்டிருந்தது.

1823 ஆம் ஆண்டிலே அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியைத் தொடக்கினார்கள். டானியல் பூவர் அதன் முதல் அதிபர். ஆங்கிலமும் அறிவியலும் அங்கே உயர்ந்த தரத்திலே கற்பிக்கப்பட்டன. கூடவே தமிழும் கற்பிக்கப்பட்டது. சமயம் பரப்புவதே அவர்களுடைய நோக்கம் என்பதில் ஐயமில்லை. எனினும் இரு மொழி இலக்கியத்தையும் ஒரே கூரையின் கீழ்க் கற்ற மாணாக்கர் அங்கே உருவாகினர். அவர்களுள் ஒருவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகிய அவரே பின்னர் ஏடுகளைத் தேடி, கலித்தொகையை 1887 இல் அச்சிலே கொணர்ந்தார். ஆங்கிலக் கல்வி அவரைத் தமிழிலிருந்து அகற்றிவிடவில்லை. செமினரி 1855 இல் மூடப்பட்டது. ஆயினும் ஓர் இலக்கியத்தின் சுவை மற்றோர் இலக்கியத்தின் சுவைக்கு வழிகாட்டும் என்பதற்கு அது சான்றாக நிற்கின்றது.

இனி, சென்னையிலே 1891 இல் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையை நிறுவினார். ஹம்லெற்றை அமலாதித்தன் என்றும், வெனிஸ் நகர வணிகனை வாணிபுர வணிகன் என்றும் தமிழ் மேடைக்கு ஏற்றார். படித்த வக்கீல்களும் உத்தியோகத்தரும் வேடம் தரித்து நடித்தார்கள். இச்சபையார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலே கொழும்புக்கும் வந்து நாடகமாடினர். அக்காலத்திலேதான், 1911 ஆம் ஆண்டிலே, மாளிகாவத்தைக்கு நடந்து செல்லக்கூடிய தூரத்திலே, மருதானையிலே டவர் ஹோல் நாடக மண்டபம் திறக்கப்பட்டது. சிங்கள மக்கள் பாட்டோடு கூடிய நாடகங்களை இரவிரவாகக் கண்டு களித்த இடம் அது. நம் நகரத்து மக்களுக்கு நாடகத்தைக் கண்ணாலும் செவியாலும் சுவைக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

இரசனைப் பாதையிலே நடந்தவர்களுள் தலையாயவர் சுவாமி விபுலானந்தர். 1892 இல் காரைதீவிலே மயில்வாகனனாகப் பிறந்த அவர், கேம்பிரிட்ஜ் பரீட்சையில் தேறியவர். இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. நாம் மேலே கண்ட பரீட்சைக் கல்வியின் நேரடிப் புதல்வர் என்று அவரைச் சொல்லலாம். அவர் என்ன செய்தார்? 1926 இல் மதங்க சூளாமணி என்னும் நாடக நூலை வெளியிட்டார். சேக்ஸ்பியருக்குச் செகசிற்பியார் என்று பெயரிட்டு, அவருடைய பன்னிரண்டு நாடகங்களை எடுத்து, நம்மவர் கண்ட சுவை இலக்கணத்தாலும் நாடக உறுப்புக்களாலும் ஆராய்ந்து காட்டினார். அயலூர் விருந்தாளியை நம் வீட்டுப் பாயில் இருத்திப் பேசியதுபோல அச்செயல் அமைந்தது. வீரமும் அவலமும் நகையும் தமிழ் மாணாக்கனுக்கு முன்னரே தெரிந்தவை. தெரிந்ததைக் கொண்டு தெரியாததை அறியச் செய்வதே ஆசிரியனின் தொழில். விபுலானந்தர் இதனைத் தெளிவாக அறிந்திருந்தார். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும் அவர் அமர்ந்தார்.

அதே பல்கலைக்கழகத்திலே ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர் ஈ. எவ். சி. லூடோவைக். 1906 இல் காலியிலே பிறந்தவர். பல்கலைக்கழக நாடகச் சங்கத்தின் வாயிலாக மாணாக்கரை மேடையேற்றினார். சேக்ஸ்பியரை விளங்கிக்கொள்ளுதல் பற்றி 1962 இல் அவர் வெளியிட்ட நூல், நாடகத்தை மேடையோடு சேர்த்தே பார்க்க வேண்டும் என்று மாணாக்கருக்கு எடுத்துரைப்பது. இங்கிலாந்திலும் இவ்வாறு சிந்தித்தவர் உண்டு. கேம்பிரிட்ஜ் நகரத்துப் பெர்ஸ் பாடசாலையிலே கோல்ட்வெல் குக் என்னும் ஆசிரியர், சிறுவர் நாடகத்தை நடித்தே கற்க வேண்டும் என்று வற்புறுத்தி 1917 இல் ஒரு நூல் வெளியிட்டார். சேக்ஸ்பியர் 1616 இல் இறந்தார். அவர் நாடகங்கள் முப்பத்தாறு ஒரே தொகுப்பாக அச்சேறியது 1623 இலே. அவற்றுட் பாதி அதுவரை அச்சு வாகனமே ஏறாதவை. அந்நாடகங்களை முதலில் அனுபவித்த மக்கள் செவியாலேயே அனுபவித்தார்கள்; அவர்களுட் பலர் எழுத்தறியாதவர்.

இவ்வளவு முன்னோடிகள் இருந்தும் நம் வகுப்பறைகள் ஏன் மாறவில்லை? காரணம் வரலாற்றிலேயே உள்ளது. 1945 இலே இலவசக் கல்வி வந்தது. கன்னங்கராவின் பெயரால் நாடு இன்றும் நன்றியோடு நினைக்கும் பெருஞ்செயல் அது. பின்னர் கல்வி மொழியும் படிப்படியாகத் தாய்மொழியாயிற்று. அதுவும் நியாயமே. ஆயின் ஆங்கிலம் இரண்டாம் மொழியானபோது, இலக்கியம் ஆங்கிலப் பாடத்திலிருந்து மெல்ல நழுவி, ஒரு சில பெரிய கல்லூரிகளின் உடைமையாயிற்று. ஏழைப் பிள்ளைக்குக் கதவு திறந்தது. ஆனால் அவன் உள்ளே வந்தபோது புத்தக அலுமாரி வேறு அறைக்குச் சென்றுவிட்டது. அவனுக்கு எஞ்சியவை இலக்கணப் பயிற்சியும், கடிதம் எழுதுதலும், குறிப்புப் புத்தகமுமே. மாளிகாவத்தைப் பிள்ளைக்கு மொழி போதும், இலக்கியம் எதற்கு என்று நினைத்தவர்களுள் நானும் ஒருவன்.

என் எண்ணத்தை மாற்றியது ஒரு நூலன்று. பல ஆண்டுகளின் முன் யாழ்ப்பாணத்திலே ஒரு கோயிலில் கந்தபுராண படனம் கேட்க நேர்ந்தது. பதினாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களையுடைய நூல் அது. ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிக்கின்றார். அருகிலே மற்றொருவர் பயன் சொல்லுகின்றார். சுற்றிலும் கமக்காரரும் முதிய பெண்களும் சிறுவரும் இருக்கின்றனர். பாட்டின் ஒவ்வொரு சொல்லும் அவர்களுக்கு விளங்கியதென்று சொல்ல முடியாது. ஆனால் சூரபன்மன் கதையிலே அவர்கள் ஒன்றிப்போயிருந்தனர். முஸ்லிம் மக்களிடையிலும் உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை வாசித்துப் பொருள் சொல்லும் வழக்கம் இருந்தது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட அக்காப்பியம் அவ்வாறே எழுதப் படிக்கத் தெரியாத வீடுகளுக்கும் சென்றது. வள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரமும், கேள்விக்கென்றே தனியாக ஓர் அதிகாரமும் வகுத்ததன் கருத்து அன்று எனக்கு விளங்கிற்று. கடினமான பேரிலக்கியத்தைச் சாதாரண மக்களுக்குச் சுவைபடக் கொடுக்கும் முறை நம்மிடம் முன்னரே இருந்தது. அதனை ஆங்கில வகுப்பின் வாசலிலே செருப்போடு கழற்றி வைத்துவிட்டோம்.

நேயர்களே, அம்முறையையே எங்கள் பாடசாலையில் ஆங்கில ஆசிரியர்களோடு சேர்ந்து மெல்ல நடைமுறைப்படுத்தினோம். அதன் விவரம் எளிது.

முதலாவது, ஆசிரியர் ஆங்கிலப் பகுதியை உரத்து, உணர்ச்சியோடு வாசிப்பார். பிள்ளைகளின் புத்தகம் மூடியிருக்கும். பத்து நிமிடத்துக்கு மேல் வாசிப்பு நீளாது. இரண்டாவது, மாணவர் ஒருவர் தமிழிலே பயன் சொல்லுவார். சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. நடந்தது என்ன, யார் யாருக்கு என்ன சொன்னார் என்று கதையாகச் சொன்னாற் போதும். பிழை நேர்ந்தால் மற்றப் பிள்ளைகள் திருத்துவார்கள். மூன்றாவது, அதே பகுதியை மீண்டும் ஆங்கிலத்தில் வாசிப்போம். இம்முறை புத்தகம் திறந்திருக்கும், தமிழ் நுழையாது. நான்காவது, வாங்குகளை ஒதுக்கிவிட்டு அப்பகுதியை நடிப்போம். கதை முழுவதும் இவ்வாறு முடிந்த பின்னரே குறிப்பும் வினாவிடையும்.

தமிழில் பயன் சொன்னால் ஆங்கிலம் வளருமா என்று பெற்றோர் சிலர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். விளங்காத ஒலியைப் பலமுறை கேட்பதால் மொழி வளர்வதில்லை. கதை விளங்கிய பிறகு அதே வாக்கியம் திரும்பக் காதில் விழும்போது, பிள்ளை தானே சொல்லையும் பொருளையும் இணைத்துக்கொள்ளுகின்றது. பிள்ளை நிலத்திலே ஊன்றி நடக்கப் பழகும்வரை கைப்பிடி வேண்டும், தமிழ் அக்கைப்பிடி.

சுருக்கக் கதைகளை வாசிப்பது இழுக்கு என்று ஆசிரியர் சிலர் எண்ணினார்கள். 1807 ஆம் ஆண்டிலே சார்ள்ஸ் லாம், மேரி லாம் என்னும் சகோதரர் இருவர் சேக்ஸ்பியரின் இருபது நாடகங்களைச் சிறுவருக்கு உரைநடைக் கதைகளாக எழுதினர். அவற்றுட் பெரும்பாலானவற்றை எழுதியவர் தமக்கையாகிய மேரி. ஆங்கிலச் சிறுவருக்கே அப்படியொரு படிக்கட்டு வேண்டியிருந்தது என்றால், நம் பிள்ளைகளுக்கு அது வேண்டியிருப்பதில் வெட்கம் என்ன? படிக்கட்டிலேயே குடியிருந்துவிடக் கூடாது என்பது மாத்திரமே கவனிக்க வேண்டியது.

க.பொ.த. சாதாரண தரத்திலே ஆங்கில இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுக்கும் பிள்ளைகளுக்கு அண்மை ஆண்டுகளில் நல்ல நூல்கள் பல பாடமாக இருந்துள்ளன. மார்க் ட்வெயினின் இளவரசனும் ஏழையும் என்னும் கதையிலே, இலண்டனின் குறுகிய சந்தொன்றில் வாழும் டொம் கன்ரியும் இளவரசன் எட்வேட்டும் உடை மாற்றிக்கொள்ளுகின்றனர். டொம்மின் குடும்பம் ஒரே அறையில் நெருங்கிப் படுத்துறங்கும் இடத்தை வாசித்தபோது, தொடர்மாடிப் பிள்ளை ஒருத்தி தன் வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணிச் சொன்னாள். வகுப்பு சிரித்தது; பின் அமைதியாயிற்று. ஆர். கே. நாராயணின் இனிப்பு வியாபாரியைப் பற்றிய நாவலிலே ஜகனுக்கும் அவன் மகன் மாலிக்கும் இடையிலுள்ள மௌனத்தைப் படித்தபோது, தன் தகப்பனாரோடு தானும் அதிகம் பேசுவதில்லை என்று ஒரு மாணவன் எழுதியிருந்தான். இவற்றுக்குப் புள்ளி வழங்கும் கட்டம் வினாத்தாளில் இல்லை. எனினும் இலக்கியம் அங்கே தன் வேலையைச் செய்துவிட்டது.

எல்லாம் நன்றாக நடக்கின்றன என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். பரீட்சை இன்றும் இருக்கின்றது, இருக்கவும் வேண்டும். பாடவேளை நாற்பது நிமிடம், பாடத்திட்டம் நீளமானது. தவணை முடிவில் ஆசிரியர் குறிப்புப் புத்தகத்தையே நாடும் நாட்களும் உண்டு. சில பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தின்மேல் உள்ள அச்சம் இறுதிவரை நீங்குவதில்லை. கொழும்பின் லயனல் வென்ற் அரங்கிலே பாடசாலைகளுக்கிடையிலான சேக்ஸ்பியர் நாடகப் போட்டி பல காலமாக நடந்து வந்திருக்கின்றது. எங்கள் பிள்ளைகளின் உடையும் உச்சரிப்பும் அத்தகைய மேடைக்கு இன்னும் போதா. ஆனால் வாங்குகளை ஒதுக்கிய வகுப்பறையும் ஒரு மேடைதான்.

சென்ற தவணையிலே நான் ஒரு வகுப்பின் பின்வாங்கில் அமர்ந்திருந்தேன். வெனிஸ் நகர வணிகனின் வழக்குமன்றக் காட்சி நடந்தது. ஆசிரியரின் மேசைமேல் தராசு ஒன்று. தேங்காய்க் கடையில் இரவல் வாங்கி வந்தது. ஷைலொக்காக நடித்த மாணவி, ஆணையைக் கேட்டபின் தலைகுனிந்து வாசலைத் தாண்டி வெளியே போய்விட்டாள். ஆசிரியர் நாடகத்தை நிறுத்தி, "இவன் இனி எங்கே போவான்?" என்று வகுப்பைக் கேட்டார். மகளில்லாத வீட்டுக்குப் போவான் என்றது ஒரு பிள்ளை. பள்ளிவாசலுக்கும் போக முடியாது, கோயிலுக்கும் போக முடியாது, அவனுக்கு இப்போது இடமில்லை என்றது மற்றொன்று. அவன் செய்தது அநியாயம், ஆனால் அவனுக்குச் செய்ததும் அநியாயம் என்றான் ஒருவன். பல சமயத்துப் பிள்ளைகள் அருகருகே அமரும் அறையிலே இந்த உரையாடல் பாடநூலுக்குள் அடங்குமா, நேயர்களே? அன்று பிள்ளைகள் ஆங்கிலத்தையும் படித்தார்கள்; அடுத்த வாங்கில் இருப்பவனையும் படித்தார்கள்.

முப்பது ஆண்டுகளின் முன் அவ்வினாவைக் கேட்ட மாணவன் இப்போது எங்கே இருக்கின்றான் என்பது எனக்குத் தெரியாது. அவன் பிள்ளைகளும் இவ்வேளை எங்கோ ஒரு வகுப்பறையில் இருக்கக்கூடும். அவர்களுள் ஒன்று எழுந்து ஒரு வினாக் கேட்டால், அந்த ஆசிரியர் குறிப்பு எழுதுவதைச் சற்று நிறுத்திவிட்டுச் செவி கொடுக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். கொழும்பிலே 1925 இல் வானொலி தொடங்கிய நாள் முதல், கேட்டே கதைகளையும் நாடகங்களையும் சுவைத்து வந்த மக்கள் நாம். வீட்டிலும் இதனைச் செய்யலாம். ஆங்கிலம் தெரிந்த பெற்றோர் வாசியுங்கள். தெரியாத பெற்றோர் பிள்ளையை வாசிக்கச் சொல்லி, தமிழிலே பயன் கேளுங்கள். நாளைக்குப் பத்து நிமிடம் போதும்.